கரையில் விட்ட துணி

இராமேசுவரம் ஒரு தீவு. 1914-இல் இரயில் பாலமும், 1988-இல் சாலைப் பாலமும் அதைக் கரையோடு இணைத்தன. வருகிறவர்கள் அவ்வழியே திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் விட்ட குப்பை தானாகத் திரும்புவதில்லை.

சென்ற விடுமுறையில், அக்கினி தீர்த்தக் கரையைத் துப்புரவு செய்யும் உள்ளூர்த் தொண்டர்களோடு ஒரு நாள் காலை நானும் சேர்ந்துகொண்டேன். நீராடுவோர், பாவம் தொலையட்டும் என்று உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுவிடுவது அங்கே நெடுநாளைய வழக்கம். மணலேறிய ஒரு புடவையை இழுக்க இருவர் வேண்டும். 2019 முதல் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பைகளும் கையில் சிக்கின. சட்டம் வந்து குனிவதில்லை. மனிதர்தாம் குனிய வேண்டியிருக்கிறது.

“நாளைக்கும் விடுவார்களே, ஐயா?” என்று உடனிருந்த மீனவப் பெரியவரிடம் கேட்டேன்.

“வலையில மீனுக்குப் பதிலாச் சேலை வருது, தம்பி. எடுக்காம என்ன செய்ய?” என்றார்.

நண்பர்களே, ஒருவர் கழித்த பாவத்தை இன்னொருவர் முதுகு சுமப்பது எந்தப் புண்ணியத்தில் சேரும்? மொழி வேறான இந்த ஊரில் நாமும் வந்துபோகிறவர்களே. படிப்பு முடிந்து புறப்படும் நாளில், நாம் விட்டதை அள்ள வேறொருவர் குனிய வேண்டாம்.