முன்பாரமும் பின்பாரமும்

அமெரிக்கா தேசத்தில் கோடை விடுமுறை ஆரம்பமாகிவிட்டால், நெடுஞ்சாலைகளில் ஒரு விநோதக் காட்சியைக் காணலாம். மோட்டார் வண்டிகள் பல, தங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு சிறு வீட்டைக் கொளுவி இழுத்துக்கொண்டு ஓடும். வீட்டுக்கு இரண்டே சக்கரங்கள். உள்ளே படுக்கை உண்டு, அடுப்பு உண்டு, தண்ணீர்த் தொட்டியும் உண்டு. 'கேம்பர்' என்று அதற்குப் பெயர். நம் ஊர்க் கூண்டு வண்டிக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொன்னால் தவறில்லை. மாடு பூட்டும் இடத்தில் மோட்டாரைப் பூட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தச் சிறு கேம்பர் பணக்காரர் வீட்டுப் பிள்ளையல்ல. 1930-களில், கையில் சுத்தியலும் ரம்பமும் பிடிக்கத் தெரிந்த சாதாரணக் குடும்பஸ்தர்கள் கண்ணீர்த் துளி போன்ற வடிவத்தில் இதைத் தங்கள் வீட்டுக் கொல்லையிலேயே செய்துகொண்டார்கள். நாளடைவில் தொழிற்சாலைகளும் செய்ய ஆரம்பித்தன. இப்போது இதை இழுப்பதற்கு லாரி போன்ற பெரிய வண்டி வேண்டியதில்லை. 'கிராஸோவர்' என்கிற குடும்ப மோட்டாரே போதும். ஆனால் அந்தப் 'போதும்' என்ற சொல்லுக்குள் எவ்வளவு கணக்கு அடங்கியிருக்கிறது என்பதைக் காலிபோர்னியாவில் எங்கள் தம்பியுடன் பிரயாணம் செய்தபோதுதான் கண்டோம்.

ஸான் ஹோஸே நகரிலிருந்து கிழக்கே சென்று, யோஸெமிட்டி வனத்தில் தங்கி, டயோகா கணவாயைக் கடந்து மோனோ ஏரியில் இறங்குவது எங்கள் உத்தேசம். தம்பி தன் கிராஸோவரின் பின்னால் வாடகைக்கு எடுத்த கேம்பர் ஒன்றைக் கொளுவினான். வண்டியின் கையேட்டைப் பார்த்தோம். 3,500 ராத்தல் வரை இழுக்கலாம் என்று போட்டிருந்தது. கேம்பரோ சாமான்களுடன் 1,900 ராத்தல்தான். "அப்படியானால் பயமே இல்லை" என்றோம்.

"இருங்கள், அண்ணா! இழுக்கிற கணக்கு வேறு, சுமக்கிற கணக்கு வேறு" என்றான் தம்பி.

அவன் காட்டிய கணக்கு இதுதான். கேம்பரின் எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு, அதை மோட்டாருடன் இணைக்கும் கொக்கியின்மேல் அழுந்தவேண்டும். பன்னிரண்டு பங்கு என்று வைத்துக்கொண்டால் 228 ராத்தல். அது கேம்பரின் எடையாயிற்றே என்று மோட்டார் கேட்பதில்லை. தன் முதுகில் ஏறிய பாரமாகவே அதைச் சுமக்கிறது. அந்த மோட்டார் சுமக்கக்கூடிய மொத்தப் பாரம் 900 ராத்தல். நாங்கள் நால்வரும் சேர்ந்து 570. இரண்டையும் கூட்டினால் 798. ஆக, மூட்டை முடிச்சுக்கு மிச்சம் 102 ராத்தல்! எங்கள் வீட்டு அம்மாள் அரிசி, பருப்பு, ஊறுகாய், பிரஷர் குக்கர் என்று அடுக்கி வைத்திருந்ததில் பாதியைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைக்க நேர்ந்தது. கேம்பரின் தொட்டியையும் காலியாகவே விட்டோம். இருபது காலன் தண்ணீர் என்றால் 167 ராத்தல்! தங்குமிடத்தில் குழாய் இருக்கும்போது மலைமேல் அதை ஏன் இழுத்துப் போகவேண்டும்?

அது சரி, கொக்கியின்மேல் பாரம் அழுந்துவானேன்? பாரத்தையெல்லாம் பின்பக்கம் தள்ளிவிட்டால் மோட்டாருக்குச் சுகந்தானே என்று கேட்கத் தோன்றும். இந்தக் கேள்விக்கு நம் ஊர் வண்டிக்காரர் எவரும் பதில் சொல்லிவிடுவார். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே கிளம்பி மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கும். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்தையே அமுக்கும். வண்டி குடை சாயாமல் ஓட, "கொஞ்சம் முன்னாலே வாங்க, சாமி!" என்று அவர் நம்மை நகர்த்தி உட்காரவைப்பது இதற்காகத்தான். கேம்பரிலும் அதே நியாயம். ஆனால் வேகம் பத்து மடங்கு. பின்பாரம் ஏறிய கேம்பர் நாயின் வால் போல இருபுறமும் ஆட ஆரம்பிக்கும். ஆட்டம் முற்றினால் தன்னோடு மோட்டாரையும் சேர்த்துப் புரட்டிவிடும். அப்படி ஆடும்போது மோட்டாரின் பிரேக்கைப் பலமாக மிதிக்கலாகாது. சக்கரத்தைத் திருப்பிச் சமாளிக்கவும் கூடாது. திசை மாறாமல் பிடித்து, வேகத்தை மெல்லத் தளர்த்தி, கேம்பரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்கவேண்டும். அதற்கென்று தம்பியின் முழங்காலருகே ஒரு சிறு குமிழ் பொருத்தியிருந்தது.

சர்க்காரின் சட்டமும் இதை உணர்ந்தே செய்யப்பட்டிருக்கிறது. 1,500 ராத்தலும் அதற்கு மேலும் எடையுள்ள கேம்பருக்குச் சொந்தத்தில் பிரேக் இருக்கவேண்டும் என்பது காலிபோர்னியாவின் விதி. பின்வண்டி இழுக்கும் மோட்டார் எதுவும் மணிக்கு 55 மைலுக்கு மேல் போகலாகாது. ஆகவே மத்தியப் பள்ளத்தாக்கின் தோட்டங்களுக்கிடையே வலப்புற ஓரமாக, மரியாதையாகவே போனோம். பெரிய லாரிகள் தாண்டும்போதெல்லாம் காற்று எங்களை முதலில் தள்ளிப் பிறகு இழுத்தது.

ஓக்டேலைக் கடந்து மாக்கஸின் என்ற சிற்றூரை அடைந்தால் மலை எதிரே நிற்கிறது. மேலே ஏற இரண்டு வழிகள். பழைய வழி இரண்டு மைலில் சுமார் 1,500 அடி செங்குத்தாக ஏறுகிறது. புதிய வழி அதே உயரத்தை ஐந்து மைலுக்கு மேல் வளைந்து வளைந்து எட்டுகிறது. பின்னால் பாரம் இழுப்பவனுக்கு வளைந்த வழியே நேர்வழி. அதிலேயே நிதானமாக ஏறினோம். பின்னால் நாலைந்து வண்டிகள் சேர்ந்தபோதெல்லாம் தம்பி ஓரத்தில் ஒதுங்கி அவர்களுக்கு வழிவிட்டான்.

யோஸெமிட்டியின் அழகைப் பலர் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் சொல்ல விரும்புவது வேறு. 1864-ம் ஆண்டில், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கையிலேயே, இந்தப் பள்ளத்தாக்கு ஜனங்களின் பொதுச்சொத்தாக இருக்கவேண்டும் என்ற சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். 1890-ல் சுற்றியுள்ள மலைப்பிரதேசம் தேசிய வனமாயிற்று. மோட்டார்களைப் பள்ளத்தாக்கினுள் அநுமதித்தது 1913-ல். இதையெல்லாம் மெச்சுகிற அதே வாயால், அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அவானீச்சி மக்களை 1851-ல் ஆயுதப் படை புகுந்து விரட்டிய கதையையும் சொல்லத்தான் வேண்டும். பொதுச்சொத்து என்ற சொல்லில் முதலில் சேரவேண்டியவர்கள் அவர்கள் அல்லவா?

இரவு 6,000 அடிக்கு மேலான முகாமில் தங்கினோம். தம்பிக்குக் கூடாரம், எங்களுக்குக் கேம்பர். கரடிகள் நடமாடும் இடமாகையால் கூடாரவாசிகளின் சோற்றுப் பண்டங்களையெல்லாம் இரும்புப் பெட்டியில் பூட்டிவைக்க வேண்டும் என்பது கண்டிப்பான விதி. அந்தக் குளிரில் சுடச்சுட ரசஞ்சாதம் சாப்பிட்ட சுகத்தை எந்த ஹோட்டலும் கொடுத்திருக்க முடியாது.

மறுநாள் டயோகா கணவாய். உயரம் 9,943 அடி. மேலே போகப்போகக் காற்று மெலிகிறது. சாதாரண எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் நூற்றுக்கு மூன்று பங்கு பலம் இழக்கிறது. உச்சியை எட்டியபோது அதன் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஆனாலும் ஏறிவிட்டது. சங்கடம் ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில் இருந்தது.

அங்கிருந்து லீ வைனிங் கிராமம் பன்னிரண்டு மைல். அதற்குள் 3,000 அடிக்கு மேல் இறங்கவேண்டும். ஒருபுறம் பாறை, மறுபுறம் அதலபாதாளம். தம்பி உச்சியிலேயே தாழ்ந்த கியருக்கு மாற்றிக்கொண்டான். எஞ்சின் உறுமியபடி வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டே இறங்கியது.

"சித்தப்பா, பிரேக்கைத் தொடவே மாட்டீர்களா?" என்று பின்னாலிருந்து எங்கள் பெண் கேட்டாள்.

"தொடுவேன், அம்மா. தொட்டுவிட்டு எடுத்துவிடுவேன். அதன்மேலேயே காலை வைத்திருந்தால் வெந்துபோகும்."

அவன் சொல்லி ஐந்து நிமிஷங்கூட ஆகவில்லை. சாலையோரத்தில் ஒரு மோட்டார் நின்றது, பின்னால் எங்களுடையதைப் போன்றே ஒரு கேம்பர், முன்சக்கரங்களிலிருந்து புகை. கருகிய நாற்றம் எங்கள் வண்டிக்குள்ளும் வந்தது. ஒரு தாய் இரண்டு குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றாள். தகப்பனார் சக்கரத்தின்மேல் ஊற்றத் தண்ணீர்க் குடுவையைத் தூக்கிவிட்டார். தம்பி ஓடிப்போய்த் தடுத்தான். தகிக்கும் இரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் வெடித்துவிடலாம். அந்தத் தண்ணீரைக் குழந்தைகள் குடித்தார்கள். ஒரு மணி நேரம் அவர்களுடனேயே காத்திருந்து, பிரேக் ஆறியபின் தாழ்ந்த கியரில் அவர் முன்னே செல்ல, நாங்கள் பின்தொடர்ந்து இறங்கினோம். கீழே மோனோ ஏரி மாலை வெயிலில் பளபளத்தது. அதைப் பார்க்க எங்களில் யாருக்கும் தைரியம் வந்தது சமதரையை அடைந்த பிறகுதான்.

இழுக்கும் வல்லமையைப் பற்றித்தான் விளம்பரங்கள் பேசுகின்றன. பிடித்து நிறுத்தும் வல்லமையைப் பற்றி மலைதான் பேசுகிறது. அமெரிக்காவிலுள்ள நம் உறவினர் பலர் இப்போது இவ்விதப் பிரயாணத்தில் இறங்கியிருக்கிறார்கள். குடும்பத்தோடு தேசத்தைச் சுற்றிப்பார்க்க இதைவிடச் சிக்கனமும் சந்தோஷமுமான வழி நாங்கள் அறியோம். புறப்படுமுன் ஒரு தரம் லாரி எடைமேடையில் வண்டியை ஏற்றி நிறுத்துப் பார்க்கட்டும். எடைக் கட்டணம் சொற்பம். ஏற்றிய பாரத்தில் எவ்வளவு முன்னே, எவ்வளவு பின்னே என்பதை அந்தச் சீட்டு சொல்லிவிடும். நம் பாட்டனார் காலத்து வண்டிக்காரருக்கு அந்தச் சீட்டுகூடத் தேவைப்பட்டதில்லை. நுகத்தடியைக் கையால் ஒரு தரம் தூக்கிப் பார்த்தே அவர் அதைச் சொல்லிவிடுவார்.