ஆட்கொணர்வு

திருப்பூரில் எந்தச் சாலையில் நடந்தாலும் ஒரு பலகை கண்ணில் படும்: 'டைலர், ஓவர்லாக், செக்கிங் ஆட்கள் தேவை.' ஆள் வந்தாரா, ஆள் போதுமா, ஆள் நின்றுவிட்டாரா என்பதே இவ்வூர்ப் பனியன் கம்பெனிகளின் அன்றாடக் கவலை. அதே சொல் நீதிமன்றத்தில் வேறொரு பொருளில் வாழ்கிறது: 'ஆட்கொணர்வு மனு.' தமிழாசிரியன் என்ற முறையில் எனக்குப் பிடித்த ஆட்சிச் சொற்களுள் அது ஒன்று. இலத்தீன் மூலம் 'உடல்' என்கிறது. தமிழ் அவ்வுடலை 'ஆள்' ஆக்கியிருக்கிறது.

அச்சொல்லைப் பற்றி நான் யோசிக்க நேர்ந்தது எங்கள் தெருப் பெரியவர் ஒருவரால். வெளிநாட்டில் மணவாழ்வு கசந்து அவருடைய மகள் ஏழு வயதுப் பையனோடு வீடு திரும்பியிருந்தாள். பின்னாலேயே அந்நாட்டு நீதிமன்ற உத்தரவின் நகலோடு ஒரு வழக்கறிஞர் கடிதமும் வந்தது. நான் படித்துப் பொருள் சொன்னதும் அவர் கேட்டார்: "ஏனுங்க சார், போலீஸ் வந்து பையனைக் கூட்டிட்டுப் போயிருவாங்களா? கொஞ்ச நாளைக்குச் சொந்தக்காரங்க ஊர்ல மறைவா வெச்சிருந்தா என்னங்க?"

வழக்கறிஞரைப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தேன். ஆயினும் அந்த இரண்டாவது கேள்வி என்னை விடவில்லை. தீர்ப்புகளைத் தேடிப் படித்தேன்.

2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு ஒன்று. அமெரிக்காவில் பிறந்த சிறுவனை அவன் தாய் 2007 ஜூனில் இந்தியாவுக்கு அழைத்து வந்தார். நியூயார்க் குடும்ப நீதிமன்றம் பின்னர்ப் பிள்ளையின் பொறுப்பைத் தந்தையிடம் தந்தது. தந்தை இங்கே ஆட்கொணர்வு மனு தொடுத்தார். ஈராண்டுகளாகப் பல மாநிலக் காவல் துறையினர் தேடியும் தாயும் பிள்ளையும் அகப்படவில்லை. தங்களுக்கும் இருப்பிடம் தெரியாது என்று பாட்டனும் பாட்டியும் பிரமாணப் பத்திரம் அளித்தனர். 2009 ஆகஸ்டில் நீதிமன்றம் தேடும் பொறுப்பை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. நாடு முழுவதும் அறிவிப்பு அனுப்பப்பட்டு, அக்டோபரில் சென்னையில் இருவரும் கண்டறியப்பட்டனர். நவம்பர் 17 அன்று, பிள்ளையை அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்லுமாறு தாய்க்கு ஆணையிடப்பட்டது.

அத்தீர்ப்பில் என்னைத் தைத்தது ஒரு சிறு விவரம். சிறுவன் டேராடூனில் ஒரு பள்ளியில் சேர்க்கப்பட்டான். சில மாதங்களிலேயே அங்கிருந்து விலக்கப்பட்டான். 2009 ஜூனில் சென்னையில் வேறொரு பள்ளி. ஊர் ஊராய் மாறிய பிள்ளை எங்கும் வேர்விடவில்லை என்பதை நீதிமன்றம் கருத்திற்கொண்டது. தாய்க்கு அரணாகும் என்று மேற்கொள்ளப்பட்ட மறைவு, அவருடைய வாதத்தின் அடித்தளத்தையே அரித்துவிட்டது.

நமக்கு அருகிலேயே கோவை வழக்கு ஒன்று உண்டு. 2012இல் இங்கிலாந்திலிருந்து இரு பெண் குழந்தைகளோடு தாய் கோவைக்கு வந்தார். பிள்ளைகள் அங்கேயே பள்ளியில் படித்துவந்தனர். சென்னை உயர் நீதிமன்றம் தந்தையின் மனுவை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றமோ 2015 பிப்ரவரியில், இங்கிலாந்து நீதிமன்றம் முந்திக்கொண்டு பிறப்பித்த ஆணைக்கு மதிப்பளித்து, கோடை விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லச் சொன்னது. 2017 ஜூலையில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்நோக்கை ஏற்க மறுத்தது. அயல்நாட்டு ஆணை கருதத்தக்க காரணிகளுள் ஒன்றே. பிள்ளையின் நலனே தலையாயது என்றது.

1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை, சட்டத்திற்குப் புறம்பாகக் கொண்டுசெல்லப்பட்ட பிள்ளையை அது வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கு விரைந்து திருப்பியனுப்பச் சொல்கிறது. இலங்கை 2001இல் அதில் இணைந்தது. இந்தியா இணையவில்லை. இணையலாம் எனச் சட்ட ஆணையம் 2009இல் பரிந்துரைத்தும், வன்முறைக்குத் தப்பி வரும் பெண்கள் மீண்டும் அங்கேயே அனுப்பப்படுவார்களே என்னும் அச்சம் குறுக்கே நிற்கிறது. அவ்வச்சத்தைப் புறந்தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஓடிவந்தவளுக்கு ஓடிவர ஒரு காரணம் இருந்திருக்கும்.

ஆனால் இரண்டு ஆணைகளை நாம் குழப்பிக்கொள்கிறோம். 'கண்டுபிடி' என்பது ஒன்று. 'ஒப்படை' என்பது மற்றொன்று. முதலாவது இரண்டாவதை முடிவுசெய்துவிடுவதில்லை. பிள்ளை நீதிமன்றத்தின் கண்முன் வந்த பிறகே அதன் நலன் எதுவென்ற விசாரணை நடக்க இயலும். பெரியவரிடம் மறுமுறை பேசியபோது இதைத்தான் சொன்னேன்: "மறைக்காதீங்க. எதுக்காகத் திரும்பி வந்தான்னு உங்க மகளே நீதிபதி முன்னாடி சொல்லட்டும்." அவர் தலையசைத்தார். ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை.

மறைந்து வாழும் பிள்ளை தன் பள்ளியின் பெயரைச் சொல்லக் கூடாது. தந்தையோடு தொலைபேசியில் பேசக் கூடாது. நண்பன் ஒருவன் கிடைத்தால் அவனை வீட்டுக்கு அழைக்கக் கூடாது. வெல்வது தாயா தந்தையா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. 'ஆட்கொணர்வு' என்னும் சொல்லை உண்டாக்கியவர் யாரோ அறியேன். அந்தப் பிள்ளையும் ஓர் 'ஆள்' என்பதை அவர் சொல்லிலேயே எழுதிவைத்துவிட்டார்.