மேற்கே பார்த்து நின்ற சோலார்

அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி, கமுதி போகும் வழியில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் சீமைக்கருவேலும் பனையும்தான் கூடவே வரும். குண்டாறு பெரும்பாலான நாள்களில் வெறும் மணல். மழை ஏமாற்றினாலும் வெயில் ஏமாற்றாத சீமை. 2016-ல் இங்கே சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்ததற்குக் காரணமும் அந்த வெயில்தான். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்க்க வருவார்கள். நான் போனது அண்ணன் வீட்டு மிளகாய்க் காட்டில் நிற்கும் பத்துப் பேனலைப் பார்க்க.

சும்மா நிற்கும் பேனல் இல்லை. காலையில் கிழக்கே சாய்ந்து, மதியம் வானத்தைப் பார்த்து, சாயங்காலம் மேற்கே கவிழும் டிராக்கர். சூரியன் நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகர்கிறது. சின்ன மோட்டார் ஒன்று சட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போகிறது. அசையாத பேனலைவிட 15 முதல் 20 சதவீதம் வரை கூடுதல் மின்சாரம் கிடைக்கும். மோட்டார் சாப்பிடுவதோ, ஒரு எல்.ஈ.டி பல்பு சில மணி நேரம் எரியும் அளவுதான்.

உற்பத்தியாகும் மின்சாரம் இன்வெர்ட்டர் வழியாக நேரே ஈ.பி லைனுக்குப் போகிறது. பேட்டரி கிடையாது. "பேட்டரி வாங்கி மாத்திக்கிட்டே இருக்க நம்மால முடியுமா தம்பி?" என்றார் அண்ணன். நியாயம்தான். ஆனால், வம்பும் அங்கேதான் இருந்தது.

கரன்ட் போனால் இந்த வகை இன்வெர்ட்டர் இரண்டு நொடிக்குள் தானும் நின்றுவிட வேண்டும். இல்லையென்றால் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து. ஆக, தலைக்கு மேல் வெயில் கொளுத்தும்; வீட்டில் ஃபேன் ஓடாது. டிராக்கர் மோட்டாரும் அதே வீட்டு கரன்ட்டில்தான் இணைக்கப்பட்டிருந்தது. மாட்டிவிட்டுப் போனவர்கள் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

போன சித்திரையில் ஒரு நாள் மூன்று மணிக்குக் கோடை மழை திரண்டிருக்கிறது. நம் ஊரில் காற்று வருமுன் கரன்ட் போய்விடுமே! பலத்த காற்றில் டிராக்கர் தரைக்கு இணையாகப் படுத்துக்கொள்ள வேண்டும். படுக்க வைக்க மோட்டாருக்கு மின்சாரம் இல்லை. மேற்கே சாய்ந்த பேனல்கள் பாய்மரம் மாதிரி காற்றை வாங்கின.

"உங்கண்ணன் கயித்தப் போட்டுப் பனையில கட்டுறாக, நான் இந்தப் பக்கம் தொங்குறேன். இடி வேற!" என்றார் மதினி. இப்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சட்டம் வளைந்தது, இரண்டு பேனல் நொறுங்கியது, ஆள் தப்பித்தது.

பத்துப் பேனலிலிருந்தே மோட்டாருக்கு எடுத்தால் என்ன என்று கேட்டேன். தொடராக இணைத்தவை என்பதால் அதில் ஓடுவது முந்நூறு, நானூறு வோல்ட். மோட்டாருக்கு வேண்டியது 24. அண்ணன் அதனால் மோட்டாருக்கென்று தனியாக ஒரு குட்டிப் பேனல் வாங்கி, சட்டத்திலேயே மாட்டினார். மறுநாள் விடிந்து ஒன்பது மணியாகியும் டிராக்கர் மேற்கையே பார்த்துக்கொண்டு நின்றதாம்! முந்தின சாயங்காலம் மேற்கே திரும்பிய சட்டத்தோடு குட்டிப் பேனலும் திரும்பிவிட்டது. காலை வெயில் அதன் முதுகில் விழுந்தால் மோட்டார் எப்படி ஓடும்?

குட்டிப் பேனல் மோட்டார் ரூம் கூரைக்கு இடம் மாறியது. காலைப் பிரச்னை தீர்ந்தது. ஆனால் புயல்காற்று வருவதே கருமேகத்தோடு அல்லவா? அந்த நேரத்தில் குட்டிப் பேனலை நம்ப முடியாது. கடைசியில், பேட்டரியே வேண்டாம் என்றவர், கம்ப்யூட்டர் யூ.பி.எஸ்ஸில் இருக்குமே, அந்த அளவில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி வாங்கி வைத்துவிட்டார். குட்டிப் பேனல் அவற்றுக்குச் சார்ஜ் ஏற்றும். மோட்டாரும் காற்றுமானியும் அவற்றில் ஓடும். காற்று எல்லை மீறினால், கரன்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பேனல்கள் தானாகப் படுத்துவிடும்.

மறுநாள் காலை வெள்ளென எழுந்து காட்டுக்குப் போனோம். ஆறரைக்கு லேசாக ஓர் உறுமல். கிழக்கே முகம் காட்டியது டிராக்கர். கீழே மதினி மிளகாய் வற்றலைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். பனையில் அந்தக் கயிறு இன்னும் தொங்குகிறது. அவிழ்க்கப் போன அண்ணனை, "அது கெடக்கட்டும்" என்று தடுத்துவிட்டாராம்.