வகையும் ஆளும்

சி.ஜி. யுங் 1937 டிசம்பரில் இந்தியா வந்தார். கல்கத்தாவில் நடக்கவிருந்த விஞ்ஞானக் காங்கிரஸின் வெள்ளிவிழாவுக்கு அழைப்பு. திருவனந்தபுரம் வரைகூடப் போனவர் திருவண்ணாமலைக்கு மட்டும் போகவில்லை. ரமணரைப் பற்றி ஹைன்ரிஷ் ஸிம்மர் எழுதி, அவர் இறந்த பிறகு 1944இல் வெளிவந்த புத்தகத்துக்கு யுங் ஒரு முன்னுரை எழுதினார். போகாததற்கான காரணம் அதில் இருக்கிறது. ரமணர் ஒரு வகைமாதிரி. இந்த மண்ணில் என்றும் இருந்த, இனியும் இருக்கப்போகிற வகை. அதை நாடு முழுவதிலும் பார்த்தாகிவிட்டது, ஆகவே தேடிப்போக அவசியமில்லை. அவர் சொல்வதன் சாரம் இவ்வளவுதான்.

இதைச் சொன்னவர் 1921இல் 'உளவியல் வகைகள்' எழுதியவர் என்பதுதான் யோசிக்க வைக்கிறது. உள்முகம், வெளிமுகம் என்று இன்று டீக்கடையிலும் புழங்குகிற பாகுபாடு அந்தப் புத்தகத்திலிருந்து வந்தது. மனிதர்களுக்குச் சீட்டு ஒட்டுவது தன் நோக்கமில்லை என்று 1934இல் எழுதிய ஒரு முன்னுரையில் அவரே எச்சரித்திருக்கிறார். ஆனாலும் மலையடிவாரத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தபோது அவருக்கு வகை போதுமானதாக இருந்தது.

அதற்கு முப்பத்தைந்து வருஷம் முன்னால், 1902இல், தென்னாற்காடு ஜில்லா ரெவின்யூ இலாகாவில் உத்தியோகம் பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை விரூபாக்ஷி குகைக்குப் போனார். தத்துவம் படித்த பட்டதாரி. வகைகளைப் பற்றி அவரும் படித்திருப்பார். சத்துவம், ராஜசம், தாமசம் தெரியாத தத்துவ மாணவன் கிடையாது. கேட்டது மட்டும் 'நான் யார்?' என்று. பேசாமலிருந்த இளைஞர் பதில்களை எழுதிக் காட்டினார். பிள்ளை அவற்றைக் காப்பாற்றி வைத்திருந்து 1923இல் அச்சில் கொண்டுவந்தார். சேத்தியாத்தோப்பு அன்று அந்த ஜில்லாவில்தான் இருந்தது. ஒரு குமாஸ்தாவாக எனக்கு இதில் கொஞ்சம் உறவு கொண்டாடத் தோன்றுகிறது.

எனக்கு இந்த விஷயம் வந்து சேர்ந்த வழி சாதாரணமானது. வங்கிப் பயிற்சி வகுப்பொன்றில் கேள்வித்தாள் கொடுத்தார்கள். விருந்தில் நீங்களாகப் போய்ப் பேசுவீர்களா, திட்டமிட்டு வேலை செய்வீர்களா என்ற ரகக் கேள்விகள். முடிவில் நான்கு எழுத்து. பதினாறு வகைகளில் ஒன்று. இந்த முறையை உண்டாக்கியவர்கள் அமெரிக்கத் தாயும் மகளும், காதரின் பிரிக்ஸும் இஸபெல் பிரிக்ஸ் மையர்ஸும். மகள் அதற்கு முன்னால் துப்பறியும் நாவல் எழுதிப் பெயர் வாங்கியவர். யுங்கின் பாகுபாட்டோடு நான்காவதாக ஒரு ஜோடியைச் சேர்த்து, இரண்டாம் உலக யுத்த காலத்தில் கேள்விகளை வகுக்கத் தொடங்கினார்கள், 1962இல் அச்சாயிற்று.

இதன் மீதான ஆட்சேபங்கள் தெரிந்தவையே. பெரும்பாலோர் இரண்டு முனைகளுக்கும் நடுவில்தான் நிற்கிறார்கள். தாள் அவர்களை ஏதாவதொரு பக்கம் தள்ளிவிடுகிறது. சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் கணிசமானவர்களுக்கு வேறு வகை வருகிறது. இன்னொன்றும் உண்டு. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்குச் சோதனை வைத்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் குணச்சித்திரம் என்று ஒரு தாள் கொடுத்தார். பொருத்தத்துக்கு ஐந்துக்கு சராசரி 4.26 மதிப்பெண் போட்டார்கள். எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். வாசகங்கள் கடையில் வாங்கிய ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. கிளி எடுத்துக் கொடுக்கிற சீட்டும் பொருந்தத்தான் செய்கிறது.

இருந்தும் வகைகளை முழுக்கத் தள்ள எனக்கு மனமில்லை. கவுண்ட்டரில் அவை இல்லாமல் ஒரு நாள் ஓடாது. ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. இரண்டரைக்குள் இருந்தால் குறு விவசாயி. அந்தக் கட்டம் நிரம்பாமல் பயிர்க்கடன் நகராது. ஒரே காலையில் இரண்டு குறு விவசாயிகள் வருகிறார்கள். ஒருவர் பாரத்தை மூன்று தரம் படித்துக் காட்டச் சொல்கிறார். மற்றவர் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "தண்ணி தொறந்துட்டாங்களா சார்?" என்கிறார். பாரத்தில் இதற்கு இடமில்லை, வேண்டியதுமில்லை. கடனைப் பற்றிச் சொல்ல வந்த பாரம் அது, ஆளைப் பற்றிச் சொன்னதாகப் பாவனை செய்வதில்லை.

யுங்கின் வகைகளிலும் அப்படி உபயோகமான ஓர் அம்சம் இருக்கிறது. சிந்தனை ஒருவனிடம் ஓங்கி வளர்ந்தால் அதன் எதிரான உணர்ச்சி வளராமல் இருட்டில் கிடக்கும் என்கிறார். என் தாளில் சிந்தனை மேலே, உணர்ச்சி கீழே. கவிதை ஒன்றைப் படித்தவுடன் அதன் கட்டுமானம்தான் என் கண்ணில் படுகிறது. பிடித்திருக்கிறதா என்ற கேள்வி பிறகு வருகிறது, வராமலும் போகிறது. அந்த நான்கு எழுத்து என்னிடம் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி, எந்தப் பக்கத்தில் நீ விளக்கே வைக்கவில்லை என்பது. அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு, 'நான் இந்த வகை, அப்படித்தான் இருப்பேன்' என்றால் சுயவிசாரம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

இதே ஆபத்து விமர்சனத்திலும் இருக்கிறது, நம் வட்டத்தில் அதிகமாகவே. மௌனி கடைசிக் காலம்வரை வசித்த சிதம்பரம் இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணிக்குள். 1985இல் இறந்தார். அவர் பெயரைச் சொன்னதும் 'அகவயம்', 'தத்துவச் சாயல்' என்று இரண்டு சொல் தயாராக வந்து விழுகிறது. அவற்றைச் சொல்வதற்காக யாரும் கதைகளைத் திரும்பப் படிப்பதாகத் தெரியவில்லை. அவருடைய பாத்திரங்கள் பலருக்குப் பெயர் கிடையாது; 'அவன்', 'அவள்' அவ்வளவுதான். அகப்பாட்டில் தலைவனையோ தலைவியையோ பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயரை நீக்கினால் வகைதான் மிஞ்ச வேண்டும். ஆனால் அங்கே நடப்பது வேறு. காலியான அந்த இடத்தில் படிக்கிறவன் வந்து நிற்க முடிகிறது. விமர்சகன் ஒட்டுகிற சீட்டு அந்த இடத்தை அடைத்துவிடுகிறது.

யுங்குக்கு நியாயம் செய்ய வேண்டும். அதே முன்னுரையில் திருவனந்தபுரத்தில் சந்தித்த ரமண சீடர் ஒருவரைப் பற்றியும் எழுதுகிறார். எளிய வாத்தியார் போன்றவர், பல குழந்தைகளைக் காப்பாற்ற வேண்டிய சம்சாரி. ஞானி என்ற வகைக்குள்ளும் குடும்பஸ்தன் என்ற வகைக்குள்ளும் முழுக்க அடங்காத அந்த மனிதரிடம் அவர் நெகிழ்ந்துபோகிறார். முன்னுரையில் உயிருள்ள பகுதி அதுதான். காரணம் எளிது: அவரை யுங் நேரில் பார்த்தார்.

கேள்வித்தாளை இன்னும் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். என்னைக் குறித்து அது கேட்கிற கேள்வி தீரவில்லை. ஆனால் பக்கத்து ஸீட்டுக்காரரையோ ஒரு எழுத்தாளரையோ அதை வைத்து அறிய முடியாது. அவரிடம் போக வேண்டும். எழுத்தாளரானால் படிக்க வேண்டும்.