தேக்கடிக் காடும் அதன் கணக்கேடும்

களமசேரியிலும் மட்டாஞ்சேரியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பத்தார் நான்கு நாள் விடுமுறை கிடைத்தால் சொந்த ஊருக்கு மூட்டை கட்டுவதே வழக்கம். நாமும் பல ஆண்டுகளாக அவ்வாறே செய்து வந்திருக்கிறோம். நம் துணைவியாரின் ஊர் கம்பம். எர்ணாகுளத்திலிருந்து கோட்டயம் வரை ரயில். பின்னர் முண்டக்கயம், குட்டிக்கானம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு வழியாகக் குமுளி வரை பேருந்து. அங்கே மாநில எல்லையைக் கடந்து மலை இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. இத்தனை முறை அவ்வழியே போய் வந்தும், குமுளியில் தேநீர் அருந்தியிருக்கிறோமேயன்றி, அதை அடுத்துள்ள தேக்கடிக் காட்டுக்குள் ஒரு நாளும் அடியெடுத்து வைத்ததில்லை. கையருகே இருக்கும் பொருளின் அருமை எளிதில் தெரிவதில்லை போலும்!

சென்ற மார்கழியில் அக்குறை நீங்கியது. நாமும் துணைவியாரும், நான்காம் வகுப்பில் பயிலும் மகளும், நம் மாமனாருமாக நால்வர் குமுளியில் ஒருநாள் தங்கினோம். மாமனாருக்கு வயது அறுபத்தாறு. முதலில் அவர் வர இசையவில்லை. “அந்தக் காட்டை நான் பார்க்காததா, மாப்பிள்ளை?” என்று சொல்லிச் சிரித்தார். அச்சிரிப்பின் பொருள் மறுநாள்தான் நமக்கு விளங்கிற்று.

தேக்கடி என்பது பெரியாறு புலிகள் காப்பகத்தின் வாயில். 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையால் மலைகளுக்கிடையே நீர் தேங்கி, இங்கே ஓர் ஏரி தோன்றிற்று. அன்று நீரில் மூழ்கிய மரங்களின் பட்ட கட்டைகள் இன்றும் நீர்ப்பரப்புக்கு மேல் கரிய தூண்களாக நிற்கின்றன. அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகு உலர்த்துகின்றன. 1950-இல் வனவிலங்குச் சரணாலயமாகவும், 1978-இல் புலிகள் காப்பகமாகவும் இது அறிவிக்கப்பெற்றது. 1982-இல் இதன் நடுப்பகுதி தேசியப் பூங்கா ஆயிற்று. இன்று காப்பகத்தின் பரப்பு 925 சதுர கிலோமீட்டர். சபரிமலையும் இதற்குள்ளேயே இருக்கின்றது. சித்திரா பௌர்ணமியன்று தமிழ் மக்கள் திரண்டு செல்லும் மங்கலதேவி கண்ணகி கோட்டமும் இக்காட்டின் ஓரத்து மலைமுடியில்தான் உள்ளது.

காலையில் துணைவியாரும் மகளும் படகில் ஏறினர். நாமும் மாமனாரும் வழிகாட்டியுடன் காட்டு நடைக்குப் புறப்பட்டோம். அட்டைக் கடிக்குக் காப்பாக முழங்கால் வரை துணியுறை கட்டிக்கொண்டு, மூங்கில் தெப்பத்தில் ஏரியின் ஒரு கையைக் கடந்து அக்கரை சேர்ந்தோம். மண்ணில் யானையின் அடித்தடம் புதிதாக இருந்தது. மரக்கிளை ஒன்றில் கருமந்தி குரல் கொடுத்தது. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க வழிகாட்டி, அதிகம் பேசாமல், நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் கையமர்த்தி நிறுத்தினார்.

ஓரிடத்தில் ஒரு மரத்தைத் தொட்டுக் காட்டி, “இதுதான் வயண மரம்” என்றார். காட்டு இலவங்கத்தை மலையாளத்தில் அவ்வாறு வழங்குவர். அதன் பட்டை நல்ல விலைக்குப் போகும். பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போகும்.

“நானும் ஒரு காலத்தில் இதை உரித்தவன்தான், ஐயா. இரவில் சுமந்துகொண்டு மலையிறங்குவோம். மாட்டிக்கொண்டால் வழக்கு, தப்பித்தால் தரகனுக்குக் கடன்” என்றார் வழிகாட்டி.

மாமனார் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு மெல்ல, “நான் பட்டை எடுத்ததில்லை, தம்பி, விறகு எடுத்திருக்கிறேன். ஊரில் வேலை இல்லாத மாதங்களில் இந்தக் காட்டில் வெட்டித்தான் வீட்டில் உலை வைத்தோம். வாட்சர் வந்தால் கட்டைப் போட்டுவிட்டு ஓடுவோம்” என்றார். நாற்பதாண்டுகளாக வீட்டில் ஒருவரிடமும் சொல்லாத செய்தி அது. நம் துணைவியாருக்கும் தெரியாது.

இருவரும் ஒரே காட்டில் திருடியவர்கள். ஒருவர் விட்டு விலகினார். மற்றவர் அதற்கே காவலரானார். இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்று கேட்டோம். அவர் கூறியதையும், பின்னர் நாம் படித்தறிந்ததையும் இங்கே சேர்த்துத் தருகிறோம்.

1996-இல் ‘இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டம்’ என்ற ஒன்று தொடங்கிற்று. உலக வங்கியின் கடனும், உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் கொடையும், நம் அரசுகளின் பங்கும் சேர்ந்தது அதன் முதல். பெரியாறு, நாகரஹொளை, கிர், ரண்தம்பூர், பக்சா, பலாமு, பெஞ்ச் என்னும் ஏழு காடுகளில் அது நடைபெற்றது. துப்பாக்கியும் வேலியும் மட்டும் காட்டைக் காக்கமாட்டா. காட்டோரத்து மக்களுக்கு வேறு பிழைப்பு கிடைத்தால்தான் காடு பிழைக்கும் என்பதே அதன் அடிப்படைக் கருத்து.

கருத்து எளிது, நடத்துவது அரிது. வனத்துறை அலுவலர் ஊர் ஊராகச் சென்று அமர்ந்து பேச வேண்டியிருந்தது. தம்மைப் பிடித்துச் சிறைக்கு அனுப்பிய துறையைக் குடிகள் உடனே நம்புவார்களா? அவர்களோடு கூடி ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனித் திட்டம் வகுத்தனர். சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் அமைத்தனர். பெரியாற்றைச் சுற்றி எழுபதுக்கும் மேற்பட்ட குழுக்கள் தோன்றின. திட்டத்தால் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் உதவியில் நூற்றுக்கு 25 பங்கைப் பணமாகவோ உழைப்பாகவோ அக்குடும்பமே ஈடுசெய்ய வேண்டும் என்பது விதி. இலவசமாக வந்த ஆடு இரண்டு நாளில் சந்தைக்குப் போய்விடும். தன் காசும் சேர்ந்து வாங்கிய ஆடு கொட்டிலில் நிற்கும். இது நம் பாட்டிமார் அறிந்த பொருளாதாரமே!

பட்டை உரித்தவர்களைக் கொண்டே ஒரு குழு அமைந்தது. காட்டின் மறைவழிகள் அவர்களுக்குத்தான் அத்துபடி. அவர்கள் பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துச் சென்று கூடாரத்தில் தங்க வைத்துத் திரும்பக் கொணர்வர். செல்லும் வழியெல்லாம் காவலும் புரிவர். வசூல் குழுவின் கணக்கில் சேரும். அவர்களுக்கு அதிலிருந்து ஊதியம். மன்னான், பளியர் ஆகிய பழங்குடியினருக்கும் குழுக்கள் உண்டு. இவர்களுள் பளியர் பேசுவது நம் தமிழே. இவர்களுடைய மிளகுக் கொடிகள் காய்க்கும் முன்பே வட்டிக் கடனுக்கு ஈடாகத் தரகர் கையில் சிக்கியிருந்த காலம் ஒன்று இருந்தது. குழுவின் வழியே கடனைத் தீர்த்து மிளகைத் தாமே விற்கும் நிலை வந்தது. 2002 முதல் குமுளிப் பக்கத்துப் பெண்கள் ‘வசந்தசேனை’ என்ற பெயரால் ஒன்றுகூடி, ஊதியம் எதுவும் பெறாமல், முறைவைத்துக் காட்டைச் சுற்றிக் காவல் புரிந்து வருகின்றனர். வீட்டு வேலை முடித்துவிட்டு வந்து செய்யும் காவல் அது என்பதை நம் சங்கத்துச் சகோதரிகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஏழு காடுகளிலும் பயன் இவ்வாறே விளைந்தது என்று கூறிவிட முடியாது. நாகரஹொளைப் பழங்குடியினர், தங்களைக் கலந்துகொள்ளாமல் திட்டம் வகுத்தனர் என்று 1998-இல் உலக வங்கியின் ஆய்வுக் குழுவிடமே முறையிட்டனர். பணம் ஒரே பெட்டியிலிருந்துதான் வந்தது. மக்களோடு அமர்ந்து பேசிய இடத்தில் அது விதையாயிற்று. பேசாத இடத்தில் வழக்காயிற்று.

இனி நாம் சொல்ல வந்த முதன்மையான செய்திக்கு வருவோம். வெளியார் பணம் என்றும் நில்லாது. 2004-இல் திட்டம் முடிந்தது. பல திட்டங்கள் அத்துடன் பெயர்ப்பலகையாக மட்டுமே நின்றுவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். பெரியாற்றில் அவ்வாறு நேராமல் காத்தது ஒரு கணக்கு ஏற்பாடு. அவ்வாண்டே கேரள அரசு ‘பெரியாறு அறக்கட்டளை’ என்ற பெயரில் ஓர் அறநிலையை நிறுவிற்று. வாயிலில் பயணியிடம் வாங்கும் நுழைவுக் கட்டணம் அரசின் கருவூலத்துக்குச் செல்லும். அதனோடு சேர்த்து வாங்கும் சூழல் மேம்பாட்டுக் கூடுதல் கட்டணமோ அறக்கட்டளைக்கே சேரும். அத்தொகை இந்தக் காட்டுக்கும் இதன் ஓரத்து மக்களுக்கும் செலவாகும்.

நாம் பல ஆண்டுகளாக ரயில்வே கணக்கோடு பழகி வருபவர்கள். நிலையத்தில் வசூலாகும் பணத்தை எண்ணி, கணக்கு முடித்து, நாள்தோறும் அனுப்பிவிடுகிறோம். அது பெருங்கடலில் கலந்த துளி. நம் நிலையத்து நடைமேடையில் ஒரு விளக்கு எரியாவிட்டால், “இன்றைய வசூலில் இருந்து மாற்றிக்கொள்கிறோம்” என்று நாம் சொல்ல இயலாது. எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெரிய அமைப்புக்கு அம்முறை தேவை என்பதை மறுக்கவில்லை. ஆயினும், வசூலில் ஒரு பங்கு வசூலான இடத்திலேயே நின்றால் என்ன விளையும் என்பதைத் தேக்கடியில்தான் கண்டோம். இம்முறையின் பயன் கண்டே, 2006-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, புலிகள் காப்பகங்கள் ஒவ்வொன்றிலும் இத்தகைய அறக்கட்டளை அமைய வேண்டும் என்று வகுத்தனர்.

இதிலும் ஒரு குறை உண்டு. வாயில் மூடினால் வசூல் இல்லை. 2018-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின்போதும், 2020-இல் கொரோனா நோயினால் நாடே அடைபட்டபோதும் பயணிகள் வரவில்லை. காட்டுக்கு மட்டும் விடுமுறை கிடையாது. தீயும் வேட்டையும் வசூல் பார்த்து வருவதில்லை. பயணியை மட்டுமே நம்பிய பெட்டி, பயணி வராத ஆண்டில் என்ன செய்யும்?

இவ்விடத்தில் நம் மாமனார் கேட்ட கேள்வியை மறைக்காமல் எழுதுகிறோம். அக்கரையில் பாறைமேல் அமர்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், “மாப்பிள்ளை, இந்தத் தண்ணீர்தானே சுரங்கம் வழியாக நம் வயலுக்கு வருகிறது?” என்றார். ஆம் என்றோம். தேனி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்கும் செல்வது இதுவே என்றோம். “அப்படியானால் வெளிநாட்டான் சீட்டு வாங்கி இந்தக் காட்டைக் காக்கிறான்; இதன் தண்ணீரைக் குடித்த நான் விறகு வெட்டினேன். இது என்ன கணக்கு?” என்றார்.

அணையைப் பற்றிய வழக்கில் நாம் புகவில்லை. அது அரசுகளும் நீதிமன்றமும் பேசும் பொருள். ஏரி நிலத்துக்குத் தமிழகம் குத்தகை செலுத்தி வருவதையும் அறிவோம். மழைநீரைப் பிடித்து வைத்துச் சிறுகச் சிறுக விடுவது காடு. அந்தக் காட்டுக்கென்று நீரை உண்பவர் தருவது என்ன? மாமனாரின் கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. நம்மிற் பலர் பிறந்த ஊர் அந்நீரால் விளைந்தது. நாம் பிழைக்கும் நாடு அக்காட்டை உடையது. இரு கரைக்கும் உரியவர்களாகிய நமக்கே இக்கேள்வி முதலில் உறைக்க வேண்டும்.

திரும்பும்போது வழிகாட்டி மாமனாரின் கையைப் பிடித்துத் தெப்பத்தில் ஏற்றினார். “அடுத்த முறை பேரன் பேத்தியோடு வாருங்கள், பெரியவரே” என்றார். “வருகிறேன் தம்பி, அப்போது சீட்டு என் காசில்தான்” என்றார் மாமனார். மாலையில் மலையிறங்கும் பேருந்தில், தாம் விறகு வெட்டிய கதையைப் பேத்திக்குத் தாமே சொன்னார். வெட்கப்படாமல் சொன்னார்.

சங்கத்து அன்பர்கள் ஊருக்குச் செல்லும் வழியில் ஒருநாள் தேக்கடியில் தங்குக. படகோடு நின்றுவிடாமல், குழுவினர் நடத்தும் காட்டு நடைக்கும் பதிவு செய்க. உரத்த பேச்சையும் பிளாஸ்டிக் பையையும் குமுளியிலேயே விட்டுச் செல்க. வாயிலில் பணம் கொடுக்கும்போது முகம் சுளிக்க வேண்டா. அதில் ஒரு பங்கு, நம் ஊர் வாய்க்காலுக்கு நீர் அனுப்பும் காட்டுக்கே திரும்புகிறது.