மூன்று பாயிண்ட்

பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஆய்வேடு தட்டிக் கொடுத்த காலத்தில், வரி இடைவெளியைக் கூட்டிப் பக்கத்தைப் பெருக்கியிருக்கிறேன். கை தவறி நடந்ததல்ல. மதுரையில் டி.டி.பி. கடை வைத்திருந்த எனக்கு அந்த வேலை நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் செய்ய முடிந்தது.

ஏ4 தாளின் உயரம் 842 பாயிண்ட். மேலும் கீழும் ஓர் அங்குலம் விட்டால் மிச்சம் 698. வரிக்கு 24 பாயிண்ட் வைத்தால் பக்கத்துக்கு 29 வரி பிடிக்கும். 27 ஆக்கினால் 25 வரிதான். கூட்டியது 3 பாயிண்ட், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், கண்ணுக்குப் பிடிபடாது. ஆனால் 200 பக்கத்தில் முடிய வேண்டிய ஆய்வேடு 232 பக்கத்துக்குப் போய்விடும். தட்டச்சுக் கூலி, பிரிண்ட், ஜெராக்ஸ் எல்லாமே பக்கக் கணக்கு.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு மாணவி வந்தார். மதுரையைச் சுற்றியுள்ள மலைக் குகைகளின் தமிழ்பிராமிக் கல்வெட்டுகள்தான் ஆய்வு. தனியார் கல்லூரி ஒன்றில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் எடுத்துக்கொண்டே எழுதினார். இரண்டாம் இயலைக் கையில் வாங்கியதும், "என்னண்ணே, நான் எழுதிக் குடுத்ததுக்கு இவ்வளவு பக்கம் வராதே?" என்றார்.

"தமிழுக்கு இடைவெளி கூடத்தாம்மா வேணும். இல்லாட்டி புள்ளி வெட்டுப்படும்" என்றேன். சொன்னதோடு விடவில்லை. பாராகிராஃப் பெட்டியைத் திறந்து, வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' என்று வைத்து 12 கொடுத்தேன். திரையில் புள்ளிகள் போயின. மேல்விலங்கின் வளைவும் ஈகாரத்தின் சுழியும் மொட்டையாயின. அந்தக் குகைக் கல்வெட்டுகள் பலவற்றில் புள்ளி கிடையாது. மெய்யா, அகரமேறியதா என்று இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். அந்தச் சிரமத்தோடு வருடக்கணக்கில் மல்லாடியவர் அவர். புள்ளி போய்விடும் என்றதும் மறுபேச்சு பேசாமல் பணத்தை எண்ணி வைத்தார்.

நான் திரையில் காட்டியது உண்மை. தமிழ் எழுத்து மேலேயும் ஏறும், கீழேயும் இறங்கும். 'சிங்கிள்' இடைவெளி என்பதுகூட எல்லா எழுத்துருவுக்கும் ஒன்றல்ல. எழுத்துருவுக்குள் வைத்திருக்கும் மேல், கீழ் அளவைப் பொறுத்தது. அதனால் ஒரே 12 பாயிண்டில் லதா எழுத்துருவின் வரி டைம்ஸ் நியூ ரோமன் வரியைவிட உயர்ந்து நிற்கும். அடிக்குறிப்பு எண்ணைச் சூப்பர்ஸ்கிரிப்டாக வைக்காமல் 'ரெய்ஸ்டு' கொடுத்துத் தூக்கினால் அந்த ஒரு வரி மட்டும் விலகும். இதெல்லாம் பார்த்துச் சீர் செய்வதுதான் என் தொழில். ஆனால் 24 பாயிண்டில் எந்தப் புள்ளியும் வெட்டுப்படாது. அவர் கேட்டது 24க்கும் 27க்கும் உள்ள வித்தியாசத்தை. நான் காட்டியது 12ஐ. நம்பி வந்த பெண்ணை, அவர் உயிராக நினைத்த எழுத்தை வைத்தே ஏமாற்றினேன். பொய்யாக ஒரு கணக்கு எழுதி நீட்டியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தாது.

அவரிடம் மட்டும் செய்ததும் அல்ல. கடை வாடகை, டோனர் விலை என்று அப்போது எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். வாடகைக்காகக் கூலியைக் கூட்டிக் கேட்டிருக்கலாம். கேட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்று பயந்தேன்.

இப்போது கூலி பேசும்போதே பக்கத்துக்கு எத்தனை வரி என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அந்தப் பெண்ணின் பணத்தைத் திருப்பித் தரவில்லை. எந்தக் கல்லூரியில் இருக்கிறார் என்று கேட்டால் சொல்ல ஆளிருக்கிறது. இன்னும் கேட்கவில்லை.