மென்படலத்துக்குள் சுழல்கள்

ஃபெர்ரோஎலக்ட்ரிக் என்ற பெயரில் இரும்பு இருக்கிறது. காந்தத்தோடு உள்ள ஒப்புமையால் வந்த பெயர் என்பதைத் தவிர இரும்புக்கு அங்கே வேலையில்லை. வெளியே மின்புலம் இல்லாதபோதும் இப்படிகங்களுக்குள் நேர்மின்னும் எதிர்மின்னும் சற்றே விலகி நிற்கும். அவ்விலகலின் திசையை மின்முனைவு என்போம்.

படிகத்தை மெலிதாக்கிக்கொண்டே போனால் இம்முனைவு எங்கே சாகும் என்ற கேள்வி பல ஆண்டுகள் நீடித்தது. நியாயமான அச்சந்தான். முனைவு எங்கும் மேல்நோக்கியே நின்றால், மேற்பரப்பில் நேர்மின்னூட்டமும் கீழ்ப்பரப்பில் எதிர்மின்னூட்டமும் தேங்கும். அவற்றின் புலம் முனைவையே அழிக்கப் பார்க்கும். மெலிந்த படலமோ எளிதில் சாகச் சம்மதிப்பதில்லை. பட்டை பட்டையாகத் தன்னைப் பிரித்துக்கொள்கிறது: ஒன்று மேல்நோக்கி, அடுத்தது கீழ்நோக்கி. எதிரெதிர் மின்னூட்டங்கள் அருகருகே அமர்ந்து ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. களங்கள் என்பவை இவையே. களங்களுக்கிடையிலான சுவருக்கும் ஆற்றல் செலவாகும் என்பதால் கண்டபடி பிரியவும் முடியாது. படலம் நான்கு மடங்கு தடித்தால் களத்தின் அகலம் இரு மடங்காகும். 2004இல் ஈய டைட்டனேட் படலமொன்றில், மூன்றே அலகுக்கூட்டுத் தடிமனில், அதாவது 1.2 நானோமீட்டரில், அறைவெப்பநிலையிலும் முனைவு இருப்பதைக் கண்டார்கள். கைவிடப்பட்ட கிழவர் எழுந்து காப்பி கேட்டார் என்பதுபோன்ற செய்தி எனக்கு அது.

இன்னொரு நெருக்கடி தரையிலிருந்து வருகிறது. ஈய டைட்டனேட்டின் அலகுக்கூட்டில் ஒரு பக்கம் ஏறக்குறைய 6 சதவீதம் நீளம்; முனைவு அந்தப் பக்கத்தையே பற்றி நிற்கும். வேறொரு படிகத்தின்மேல் வளர்க்கும்போது அதன் அணு இடைவெளிக்குப் படலம் இணங்கியாக வேண்டும். தரை நெருக்கினால் நீண்ட பக்கம் எழுந்து நிற்கும். இழுத்தால் படுக்கப் பார்க்கும்.

இலக்கிய நண்பர்களிடம் இதைச் சொன்னால் உடனே யாப்பை இழுக்கிறார்கள். எனக்கு அவ்வுவமை ஒட்டவில்லை. வெண்பா எழுதுகிறவன் தளையை விரும்பி ஏற்கிறான். சலித்தால் உரைநடைக்குப் போய்விடலாம். படலத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஈய டைட்டனேட்டையும் ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டையும் மாறி மாறி அடுக்கி, டிஸ்புரோசியம் ஸ்கேண்டேட் என்ற சற்றே இழுக்கும் தரையில் வளர்த்தபோது, முனைவு நிற்கவுமில்லை, படுக்கவுமில்லை, சுழன்றது. வலஞ்சுழியும் இடஞ்சுழியுமாக, சில நானோமீட்டர் அகலச் சுழல்களின் வரிசை. 2016இல் பெர்க்லி குழுவினர் அதை மின்னணு நுண்ணோக்கியில் படம்பிடித்துக் காட்டினர். 2019இல் அதே இரு பொருள்களை, இழுக்காத ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் தரையில் அடுக்கியபோது வரிசை குலைந்து குமிழ்கள் தோன்றின. நடுவில் ஒரு திசை, விளிம்பில் அதன் எதிர்த்திசை, இடையில் முனைவு சிறிது சிறிதாகத் திரும்பிக்கொண்டே போகிறது.